இடது பக்கம்

நவம்பர் 9

காலையில் மோட்டார் போட்டேன். தண்ணீர் மெலிசாக வந்தது. தினமும் எழுதுகிற வரியை எழுதிவிட்டேன். மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஒரு வளைகாப்புக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. திலகம் அண்டா முன்னால் நின்று, சமையல் உதவிக்கு வரும் தங்கமணியை வைதுகொண்டிருந்தாள். நான் மோட்டாரை நிறுத்தப் போனபோது, “ஏனுங்க, தலை என்னமோ வெடிக்கற மாதிரி இருக்குதுங்க” என்றாள். தலைவலி என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. தண்ணீர் கொண்டுவரத் திரும்பினேன். பின்னால் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

அரிசி மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வாந்தி எடுத்தாள். “ஒண்ணுமில்ல, உடுங்க. அடுப்பைக் கொறைக்கச் சொல்லுங்க” என்றாள். வார்த்தைகள் குழைந்து வந்தன.

பொள்ளாச்சியில் ஸ்கேன் எடுத்துவிட்டு உடனே கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் பேசிக்கொண்டே வந்தாள். வளைகாப்பு வீட்டுக்கு எலுமிச்சைச் சாதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டாள். கிணத்துக்கடவு தாண்டிய பிறகு பேச்சு நின்றுவிட்டது.

நவம்பர் 10

டாக்டர் ஜெயசீலன் என்பவர் பார்க்கிறார். உங்கள் மனைவி என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். கல்யாணச் சமையல் ஆர்டர் எடுக்கிறாள், நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்றேன். என்னைப் பற்றி அவர் கேட்கவில்லை. பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்றார். போடுகிறாள் என்றேன். நினைவு வந்தால் போடுவாள்.

கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். மண்டைக்குள் வலது பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு.

“இது ரத்தம். குழாய் வெடிச்சிருக்கு. வெளிய போக வழி கிடையாது, மண்டை ஓடு விரியவும் விரியாது. அதனால அங்கயே உறைஞ்சு சுத்தி இருக்கறதை அமுக்குது. நேத்துக் கூப்பிட்டா முழிச்சாங்க. இப்ப வலிக்கற மாதிரி அழுத்தினாத்தான் முழிக்கறாங்க.”

ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார். மண்டை எலும்பில் ஒரு பகுதியை அறுத்து எடுத்து, மூளை வீங்குவதற்கு இடம் விட வேண்டுமாம். எடுத்த எலும்பை வீணாக்காமல் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். பிற்பாடு எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம்.

“செஞ்சா எந்திரிச்சு நடப்பாளுங்களா?”

“உயிர் பிழைக்க வாய்ப்பு கூடும். அதுக்கு மேல இப்ப நான் எதையும் சொன்னா அது பொய்யாயிரும்.”

கையெழுத்துப் போட்டேன். வீட்டில் எதற்கும் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான்.

நவம்பர் 11

தலையை முழுக்கச் சிரைத்துவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை.

நவம்பர் 14

மகள் மஞ்சரி புனேயில் இருந்து வந்துவிட்டாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். காபி வாங்கிக் கொடுத்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையும் மாலையும் ஒருவரை விடுகிறார்கள். திலகத்தின் வாயில் குழாய். மெஷின் மூச்சு விடுகிறது. வலது உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். பிடித்தாள். நல்ல அழுத்தமான பிடி. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“எதை வச்சாலும் பிடிக்கும் சார். பச்சைக் குழந்தை பிடிக்கற மாதிரி. அவங்களுக்கு நீங்கன்னு தெரியாது.”

எழுதி வைக்கிறேன். என் விரலைப் பிடித்தாள்.

நவம்பர் 19

கண் திறந்தாள். மஞ்சரி அழுதுகொண்டே ஓடிவந்து சொன்னாள். உள்ளே போனேன். கண் திறந்துதான் இருந்தது. நான் இந்தப் பக்கம் போனேன், அந்தப் பக்கம் போனேன். அது எங்கேயும் போகவில்லை.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது கேட்டேன். “முழிச்சிருக்கறது வேற, தெரியறது வேற. முழிப்பு வந்திருச்சு. தெரியறது வரணும்” என்றார். எப்போது வரும் என்று கேட்க நினைத்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நவம்பர் 20

கண் திறந்திருந்தது.

நவம்பர் 24

பேசிவிட்டாள். குழாயை எடுத்துச் சில மணி நேரம் கழித்து, கரகரத்த குரலில், “புளி ஊறப் போட்டாச்சா?” என்றாள். மஞ்சரி, “போட்டாச்சும்மா” என்றாள். “எங்கிட்டக் கேக்காம ஏன் போட்டீங்க?” என்றாள் திலகம். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தோசை சாப்பிட்டேன். சூடாகச் சாப்பிட்டு நாளாகிறது.

நவம்பர் 28

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் ஓரக் கட்டில். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. நான் அதில் உட்கார்ந்திருந்தேன். மறுபக்கம் மஞ்சரி.

திலகம் அவளிடம் நன்றாகப் பேசினாள். குழந்தைக்குப் பால் போதுகிறதா என்றாள். பூண்டு நிறையச் சேர்க்கச் சொன்னாள். அப்புறம், “உங்கப்பன் எங்க கண்ணு? ஆசுபத்திரிக்கே வரலியா?” என்றாள்.

“அப்பா இங்கதானம்மா இருக்காங்க.”

“எங்க?”

“இங்கதான் இருக்கறேன், திலகா” என்றேன். அவள் தலை வலது பக்கமே திரும்பியது. மஞ்சரிக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்து, “குரல் கேக்குது, ஆளைக் காணமே” என்றாள்.

எழுந்து சுற்றிக்கொண்டு மஞ்சரி பக்கம் போய் நின்றேன். முகம் மலர்ந்துவிட்டது. “இப்பத்தான் வாறீங்களா? சாப்பிட்டீங்களா?”

டிசம்பர் 1

டாக்டரிடம், அவளுக்கு இடது கண் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை, கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்றார்.

“இடது பக்கத்தைக் கவனிக்கற வேலை மூளையோட வலது பாதியில இருக்கு. அந்தப் பாதிதான் அடி வாங்கியிருக்கு. இருட்டா இருந்தா, அங்க இருட்டா இருக்குன்னு நமக்குத் தெரியும் பாருங்க, அது கூட அவங்களுக்குத் தெரியாது. அவங்களைப் பொறுத்தவரை அந்தப் பக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கை கால் வரலைங்கறதும் அவங்களுக்குத் தெரியாது.”

“சொன்னாப் புரியாதுங்களா?”

“புரியற மாதிரி இருக்கும். ஒட்டாது.”

இட்லித் தட்டு வைத்தேன். வலது பாதியில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு, “ரெண்டுதான் வச்சீங்களா? கஞ்சத்தனம்” என்றாள். தட்டைத் திருப்பி வைத்தேன். மீதி இரண்டையும் சாப்பிட்டாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

டிசம்பர் 4

இன்று ஒரு கூத்து. போர்வைக்குள் தடவிப் பார்த்துவிட்டு, “இது யாரோட கைங்க?” என்றாள்.

“உன்ற கைதான்.”

“என்ற கையா? என்ற கை இங்க இருக்குது” என்று வலது கையைக் காட்டினாள். “இது தங்கமணி கை. எம்பக்கத்துல வந்து படுத்துக்கிட்டா போல. எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க, கனமா இருக்குது.”

தங்கமணி அப்போது பொள்ளாச்சியில் இருந்தாள். நான் போர்வையை விலக்கி அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்தேன். “போயிட்டா” என்றேன். நிம்மதியாகத் தூங்கினாள்.

மஞ்சரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாளை அவள் புனே திரும்ப வேண்டும்.

டிசம்பர் 8

பிசியோதெரபிக்கு ஷாஹிதா என்ற பெண் வருகிறாள். சிரித்த முகம். திலகத்திடம் இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். திலகம் வலது கையைத் தூக்கினாள்.

“ரெண்டையும் தூக்குங்கம்மா.”

“தூக்கிட்டனே.”

“இடது கை எங்கம்மா?”

“அதான் தூக்கியிருக்கறனே கண்ணு. உனக்குக் கண்ணு தெரியலியா?”

வெளியே வந்து ஷாஹிதா சொன்னாள்: “சார், நீங்க எப்பவும் அவங்க இடது பக்கம் நின்னே பேசணும். அவங்களாத் தேடித் திரும்பணும். கை கால் வரலைங்கறதைக் கோபப்படாம, திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருக்கணும். தனக்கு ஒண்ணுமில்லைன்னு நினைக்கறவங்க எதுக்குப் பயிற்சி செய்வாங்க? முதல் சில மாசத்துல வர்ற முன்னேற்றம் பின்னால அவ்வளவு வராது.”

சரி என்றேன்.

டிசம்பர் 14

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஹாலில் கட்டில் போட்டேன். ஷாஹிதா பொள்ளாச்சியில்தான் குடியிருக்கிறாள், வாரத்தில் சில நாள் வீட்டுக்கே வருவதாகச் சொன்னாள். வாசலும் நாற்காலியும் திலகத்துக்கு இடது பக்கம் வருகிற மாதிரி அவளே கட்டிலைப் போட்டுக் கொடுத்தாள். வலது பக்கம் சுவர்.

தலையில் எலும்பு இல்லாத இடம் குழிந்திருக்கிறது. ஒரு துண்டு கட்டிவிட்டேன். வயிற்றைத் தடவி, “என்னமோ கட்டியாட்ட இருக்குதுங்க” என்கிறாள். தலை எலும்பு என்று சொன்னால் சிரிக்கிறாள்.

டிசம்பர் 16

நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு, “யாருமே இல்லீங்களா? என்னை உட்டுட்டு எல்லாரும் எங்க போனீங்க?” என்று கூப்பிடுகிறாள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். இருக்கிறேன் என்று சொல்கிறேன். தலை திரும்புவதில்லை. மத்தியானம் அழுதுவிட்டாள்.

வாசல் அவளுக்கு வலது பக்கம் வருகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் காற்று வருவதில்லை.

டிசம்பர் 22

ஆனைமலையில் இருந்து கல்யாண வீட்டுக்காரர் வந்தார். தை மாத முகூர்த்தத்துக்குத் திலகத்திடம் சமையல் சொல்லியிருக்கிறார். அவரை வெளியே நிறுத்தி, தங்கமணி செய்வாள், அதே கைப்பக்குவம் என்றேன். தங்கமணி கொட்டகை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். “அக்கா கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிங்கண்ணா?” என்றாள்.

“நான் சொல்லிக்கறேன்.”

உள்ளே போனதும் திலகம் கேட்டாள். “யாருங்க வந்தது?”

“கேஸ் சிலிண்டர் கேட்டு வந்தாங்க.”

“ஆனைமலைக்காரரு வந்தா உள்ள கூப்பிடுங்க. இனிப்பு ரெண்டு வகை வேணுமின்னாரு, பேசோணும்.”

வந்தால் கூப்பிடுகிறேன் என்றேன்.

டிசம்பர் 29

மஞ்சரி போன் செய்தாள். அம்மா நன்றாக இருக்கிறாள், நானும் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றேன். “அம்மாவுக்குப் புரிஞ்சுதாப்பா?” என்று கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது என்றேன்.

திலகம் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். கதவைப் பார்த்துப் படுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் பேசுகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குருமா எப்படிக் கூட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாள். முன்னை விடச் சிரிக்கிறாள். கெடுதல் என்ன இதில்?

ஷாஹிதா கட்டிலைப் பார்த்தாள். காற்று என்றேன்.

ஜனவரி 4

வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டேன். முதுகில் புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைத்தேன். முன்பெல்லாம் இடுப்பு பிடித்துக்கொள்ளும், இப்போது பழகிவிட்டது.

“நாளைக்குக் கொட்டகைப் பக்கம் போலாமுங்களா? படுத்துப் படுத்துச் சலிச்சுப் போச்சு.”

“போலாம். நாளைக்கு எந்திரிச்சு நடக்கலாம்” என்றேன். தினமும் கேட்பதுதான், தினமும் சொல்வதுதான்.

ஜனவரி 5

மோட்டார் போடப் போயிருந்தேன். சத்தம் கேட்டு வந்தால் தரையில் கிடக்கிறாள். இடது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. தலை நல்லவேளையாக, கூடவே விழுந்த தலையணை மேல் இருந்தது.

“என்னமோ வழுக்கி உட்டுருச்சுங்க” என்றாள்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தங்கமணி அவள் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்கேனில் புதிதாக ரத்தம் இல்லை. இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. எப்படி விழுந்தார்கள் என்று டாக்டர் கேட்டார். தரை ஈரமாக இருந்தது என்றேன்.

கட்டுப் போடும்போது திலகம் வலியில் முகம் சுளிக்கவே இல்லை. வேலை முடிந்ததும் தற்செயலாகக் குனிந்து, மடியில் கிடந்த மாவுக்கட்டைப் பார்த்தாள்.

“அட பாவமே, யாருக்கு அடி பட்டுது?” என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். அந்தக் கையை வலது கையால் மெதுவாகத் தடவிக்கொடுத்தாள்.

நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன்.

ஜனவரி 6

ஷாஹிதா வந்தாள். தரை ஈரம் என்று அவளிடமும் சொன்னேன்.

“எந்திரிக்கணும்னு ஏன் சார் அவங்களுக்குத் தோணுச்சு? என்ன சொல்லி வச்சிருந்தீங்க?”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

அவள் போன பிறகு நானும் தங்கமணியும் சேர்ந்து கட்டிலைப் பழையபடி திருப்பிப் போட்டோம்.

ஜனவரி 7

“திலகா, உன்ற இடது கை காலு வராது. மூளையில ரத்தம் கசிஞ்சிருச்சு” என்றேன். இடது பக்கம் உட்கார்ந்து சொன்னேன்.

“யாரு சொன்னது?” என்று சுவரிடம் கேட்டாள்.

“நான்தான் சொல்றேன்.”

“உங்களுக்கு வேற வேலையில்ல.”

ஜனவரி 11

தினமும் சொல்கிறேன். ஒரு நாள் சிரிக்கிறாள், ஒரு நாள் திட்டுகிறாள். இன்று, “என்னை மூலையில உக்கார வச்சுப்போட்டு ஆர்டரெல்லாம் தங்கமணிக்குக் கொடுக்கறதுக்குத்தான இந்த நாடகம்?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு நிமிஷம் கழித்து மறந்துவிட்டு மோர் கேட்டாள்.

ஜனவரி 16

பொங்கல் போயிற்று. பால் காய்ச்சினேன், பொங்கினதைப் பார்க்கவில்லை, வழிந்துவிட்டது.

இன்று கொஞ்சம் முன்னேற்றம். தட்டின் நடுவைத் தாண்டி ஒரு வாய் எடுத்தாள்.

ஜனவரி 24

மாவுக்கட்டை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டுகிற கைப்பட்டை போட்டு இரண்டு நாளாகிறது. ஷாஹிதா ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். திலகத்தை உட்காரவைத்து, அவளுடைய வலது கையாலேயே இடது தோளில் இருந்து கீழே வரை தேங்காய் எண்ணெய் தடவச் சொல்ல வேண்டும். தோள் மட்டும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்கிறாள். முழங்கைக்குக் கீழே கை நின்றுவிடுகிறது. “அது தங்கமணியோடது” என்கிறாள்.

ஜனவரி 29

ஆனைமலைக் கல்யாணம் இன்று. தங்கமணியும் மற்ற பெண்களும் நேற்றே போய்விட்டார்கள். கொட்டகை சத்தமில்லாமல் கிடந்தது. வெயில் ஹாலுக்குள் வந்தது.

கைப்பட்டையைக் கழற்றிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை அவள் மடியில் வைத்தேன். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். திலகம் தோளில் ஆரம்பித்தாள். முழங்கை. வழக்கம்போல நிற்கும் என்று நினைத்தேன். விரல் கீழே இறங்கியது. உள்பக்கம், மணிக்கட்டுக்கு மேலே ஒரு நீளமான தழும்பு. ஜிலேபிச் சட்டியை இறக்கும்போது பட்ட பழைய சூடு. அவள் விரல் அதன் மேல் போய் நின்றது. மறுபடி மேலே போனது. தோளில் இருந்து திரும்பவும் வந்தது. தழும்பில் நின்றது.

தலை மெல்லத் திரும்பியது. குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது என்ற கைங்க” என்றாள்.

“ஆமா.”

“ஏங்க அசைய மாட்டீங்குது?”

நான் சொன்னேன். அவளிடம் எத்தனையோ தடவை சொன்னதைத்தான் சொன்னேன். இந்தத் தடவை கேட்டாள். காலைக் கேட்டாள், அதுவும் அப்படித்தான் என்றேன். தலைத் துண்டை அவிழ்த்துக் குழியைத் தொட்டுப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டாள்.

“எப்ப இருந்துங்க?”

“தீபாவளி முடிஞ்சதுல இருந்து.”

“ஆனைமலைக் கல்யாணம்?”

“இன்னைக்கு. தங்கமணி போயிருக்கா.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“உங்களுக்கும் தெரிஞ்சுதான், நாளைக்கு நடக்கலாம் நாளைக்கு நடக்கலாம்னீங்களா?”

அதை அவள் ஞாபகம் வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

அவள் அழுது நான் பார்த்திருக்கிறேன். அவள் அம்மா இறந்தபோது, மஞ்சரி புகுந்த வீடு போனபோது. இது அப்படி இல்லை. சத்தமே வரவில்லை. முகத்தில் வலது பாதிதான் கோணியது, இடது பாதி சும்மா இருந்தது, கண்ணீர் இரண்டு பக்கமும் வந்தது. கையைப் பிடிக்கப் போனேன். எந்தக் கையைப் பிடிப்பது என்று தெரியவில்லை. எண்ணெய் படுக்கையில் கொட்டியிருந்தது. துடைத்தேன்.

ஜனவரி 30

காலையில் ஷாஹிதாவுக்குப் போன் செய்து சொன்னேன். “சார், ரொம்ப நல்ல விஷயம் சார்” என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். “இதுக்காகத்தான் காத்திருந்தோம். இனி பயிற்சி ஏறும்” என்றாள். சரிங்க என்றேன். மஞ்சரிக்கும் சொன்னேன். அவள், “அம்மா எப்படி இருக்காங்க?” என்றாள். தெரியவில்லை என்றேன். இந்த இரண்டு மாதத்தில் அவளிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான் இருக்கும்.

தங்கமணி கல்யாண வீட்டில் இருந்து தூக்குப் போசியில் பாயசம் கொண்டுவந்தாள். திலகம் ஒரு வாய் குடித்தாள். “நல்லாருக்குது” என்றாள். தங்கமணி கொட்டகைக்குப் போய் அழுதாள்.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். வலது பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சுவர் ஓரத்து இடுக்கில் ஒருக்களித்து நின்று அவள் முகத்துக்கு நேராகக் கிண்ணத்தை நீட்டினேன். என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடது பக்கம், வாசல் பக்கம், முழுசாகத் திரும்பியது. யாரும் சொல்லாமல், யாரும் கூப்பிடாமல்.

கிண்ணத்தோடு அங்கேயே நின்றேன். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. கஞ்சியில் ஆடை படிந்தது.

என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“கை கட்டிலுக்கு வெளிய தொங்குதுங்க. எடுத்து மேல வையுங்க.”

போய் எடுத்து வைத்தேன்.